பதினோராம் பக்கத்துக்கு அனுமதி

நான் கணக்கு டீச்சர். ஆசிரியர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனதுதான் நாடகத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு. நான் போவதற்குள் பள்ளிகளுக்கான கலைப் போட்டியில் பாட்டு, பேச்சு, கோலம் எல்லாவற்றையும் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது நாடகம். "உங்களுக்குத்தான் டீச்சர் நல்ல குரல் இருக்கு" என்று தலைமையாசிரியை அதை என் தலையில் கட்டினார். வகுப்பில் நான் கத்துவதைத்தான் அப்படி நாசூக்காகச் சொன்னார்.

எங்கள் பள்ளி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிறது. நாடகக் குழுவில் ஒன்பது பெண்கள். ஒன்பது பேர் வீட்டிலும் யாராவது ஒருவர் காலையில் கம்பெனி வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு சின்ன நாடகப் புத்தகம் கிடைத்தது. பட்டாசுக் கம்பெனி விபத்தில் தாயை இழக்கும் ஒரு மகளின் கதை. இதுதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடித்த பிடியில் நின்றார்கள். தாயாக நடிக்கத்தான் அடிதடி. மகள் வேடத்தைப் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாக்கெடுப்புக்கெல்லாம் விடாமல் தானே எடுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் திரி வைக்கிற வேலைக்குப் போகிறவர்.

புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் 'பெரும் வெடிச்சத்தம்' என்று போட்டிருந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். நல்ல சத்தமாக ஒன்றைத் தேடி எடுத்து, காலை வழிபாட்டுக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கரில் போட்டேன். அந்த ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நிமிடத்தில் பள்ளி வாசலில் ஐம்பது பேர். பாதிப் பேர் காலில் செருப்பு இல்லை. எல்லோரும் அண்ணாந்து எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று பார்த்தார்கள். "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போன் அடித்தார்கள். எந்தப் போனையும் எவரும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டாக டீச்சர். வேலைக்குப் போறப்பவே போனையெல்லாம் வாசல் ரூம்ல வாங்கி வச்சிருவாக" என்றாள் மகளாக நடிக்கிறவள். "அது இவுகளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் அடிப்பாக."

அன்று நான் அந்த ஐம்பது பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே, "படிச்ச பொம்பளதானே நீங்க?" என்று கேட்டார். மறுநாள் ஒத்திகைக்கு முன்பே பிள்ளைகள் பதினோராம் பக்கத்தை மாற்றியிருந்தார்கள். வெடிச்சத்தம் கிடையாது. மேடையில் எல்லோரும் அப்படியே நிற்பார்கள். ஒரு போன் அடிக்கும், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. யாரும் எடுக்க மாட்டார்கள். அதோடு விளக்கு அணையும்.

மாவட்டத்தில் ஜெயித்தோம். மாநிலப் போட்டிக்கு வந்த சுற்றறிக்கையில் இரண்டு வரி புதிதாக இருந்தது. நாடகம் எழுதியவரின் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். பிரதியில் ஒரு வரி மாற்றினாலும் அந்த மாற்றத்துக்கு எதிரே அவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தில் உள்ளபடியே நடிக்க வேண்டும்.

"சத்தம் வச்சா நான் நடிக்கல டீச்சர்" என்றாள் மகளாக நடிக்கிறவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது, சுற்றறிக்கை எழுதிய புண்ணியவான் மேல்.

எழுதியவர் விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பாய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மண்டிக்குள் நுழைந்ததும் வத்தல் நெடியில் நான் ஏழெட்டுத் தும்மல் தும்மினேன். வணக்கம் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது.

வந்த விஷயத்தைச் சொன்னதும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "அனுமதியா? என்கிட்டயா?" வாலிபத்தில் நண்பர்களோடு சேர்ந்து நாடகம் போட்டவராம். எழுதியது அந்த ஒன்றுதான். "எத்தனையோ பேரு போட்டிருக்காக டீச்சர். ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. பேரக்கூட மாத்திப் போட்டுக்கிட்டாக." டீ வந்தது, வடை வந்தது. நான் கொண்டுபோன ஜெராக்ஸ் பிரதியைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கினார். "என் புத்தகம் என்கிட்டயே இல்ல, பாத்துக்கோங்க." அனுமதிக் கடிதத்தில் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பதினோராம் பக்கத்தின் ஓரத்தில் பிள்ளைகள் எழுதியிருந்த மாற்றத்தைப் படித்ததும் பேனா நின்றது.

"சத்தத்த எடுத்துட்டீகளா?"

"ஆமா பாய். பிள்ளைகளுக்கு..."

"அந்தச் சத்தம்தான் டீச்சர் நாடகமே. மத்ததெல்லாம் சும்மா பேச்சு. அங்கன வெடிக்கிறது இங்கன பஜார்ல உக்காந்திருக்கிறவனுக்குக் கேக்காது. அவன் காதுல விழணும்னுதான் எழுதுனேன். அதுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மூடிய பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. விதி, கடைசித் தேதி, பிள்ளைகளின் உழைப்பு என்று என்னென்னவோ பேசினேன். கணக்குப் பாடத்தில் பலிக்கும் என் குரல் வத்தல் மண்டியில் பலிக்கவில்லை.

அவள் அதுவரை வடையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்களுக்கு அது கேட்டுருச்சு சார்" என்றாள் திடீரென்று. "உங்க போனக் கொஞ்சம் குடுங்க. டீச்சர், உங்களதும்."

இரண்டு போன்களையும் ஒரு மல்லி மூட்டை மேல் வைத்தாள். என் போனிலிருந்து அவருடைய போனுக்கு அடிப்பாள் என்றுதான் நினைத்தேன், மேடையில் அப்படித்தான் செய்வார்கள். அவள் அவர் போனை ஒதுக்கிவிட்டு, என் போனில் ஒரு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மூட்டை சுமந்துகொண்டிருந்த ஆள் ஒருவர் சுமையை இறக்கிவிட்டு நின்றார். மூன்றாம் தடவை அடித்தபோது அந்த ஆள் தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"யாருக்கும்மா அடிக்க?" என்றார் பாய். குரல் இறங்கியிருந்தது.

"எங்க அம்மாவுக்கு."

"எடுக்கலியே."

"இப்ப எடுக்க மாட்டாக. வேலை விட்டு வந்து போன வாங்குனாத்தான்."

"நாடகத்துல? கடைசில அந்த அம்மா எடுப்பாளா, மாட்டாளா? என் கதைல அவ செத்துருதாளே."

"அத நாங்க முடிவு பண்ணல சார்" என்றாள். "எங்களுக்குத் தெனமும் அஞ்சரைக்குத்தான் தெரியும்."

பாய் பேனாவை எடுத்துப் பதினோராம் பக்கத்தில் 'பெரும் வெடிச்சத்தம்' என்பதன் மேல் தானே கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் புத்தகத்த மறுபடி அச்சுப் போடலாம்னு ஒரு எண்ணம். அப்ப நீங்க செஞ்ச மாதிரியே போடணும்னு ஆசையா இருக்கு. அதுக்கு எனக்கு உங்க அனுமதி வேணும். எழுதித் தருவீகளா?"

அவள் என்னைப் பார்த்தாள். "எழுது" என்றேன். பரீட்சைக்குப் படித்த கடித முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, ஒன்பது பேர் சார்பாக என்று எழுதி, அனுமதி தந்தாள். அந்தத் தாளை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியதற்கு வத்தல் மேல் பழிபோட்டேன்.

மாநிலப் போட்டியில் எங்களுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ஒலி அமைப்பு போதவில்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை நான் பிள்ளைகளிடம் காட்டவில்லை.

இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அன்று மண்டியிலிருந்து திரும்பி வந்த பஸ்தான். சாத்தூரில் இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டம் ஏறி, நிற்க இடமில்லாமல் வந்துகொண்டிருந்தோம். என் போன் அடித்தது. எடுத்தால் மூச்சு வாங்கும் ஒரு குரல்.

"டீச்சர், மூணு தடவ கூப்பிட்டிருக்கீகளே. பிள்ளைக்கு என்னாச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

அந்தக் கணம்வரை எனக்கு இது தோன்றவே இல்லை. வாசல் ரூமில் போனை வாங்கியதும் டீச்சர் எண்ணிலிருந்து மூன்று அழைப்பு என்று பார்க்கிற ஒரு தாய் என்ன நினைப்பார் என்று யோசிக்கவே இல்லை. "ஐயோ, ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கா, பக்கத்துலதான் நிக்கிறா" என்று உளறினேன். அவர் நம்பவில்லை. "அப்புறம் எதுக்கு டீச்சர் மூணு தடவ?" என்று அழுகிற குரலில் கேட்டார்.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "நீ போன எடுத்துட்டேல்ல. போதும்."