கடலுக்குள் ஒரு ‘பரவாயில்லீங்க’

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதக் கடைசி. என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. நான், என் கணவர், மகள் மூன்று பேரும் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளத் தூத்துக்குடிக் கடலுக்குப் போயிருந்தோம். கடலே இல்லாத கோவையில், துடியலூர்க்காரர்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைத்தான் கேட்டார்கள்.

ஆசை மகளுடையது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் கூட்டிப்போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் முடியவே முடியாது என்றேன். ஆனால் வீட்டுக்காரர் கட்சி மாறிவிட்டார். அவர் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். “இத்தன வருசமா மோட்டாரைத்தான் தண்ணிக்குள்ள எறக்கறோம். ஒருக்கா நாமளும் எறங்கிப் பாத்தர்லாம் அம்மணி” என்றார். அப்பாவும் மகளும் ஒன்று சேர்ந்தால் எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

என் கணவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களே மரியாதைக்குப் பேர் போனவர்கள். இவர் அதில் ஒரு படி மேலே. ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவர் கை தவறிக் கொதிக்கிற ரசத்தை இவர் கையில் கொட்டிவிட்டார். இவரோ சிரித்துக்கொண்டே, “பரவாயில்லீங்க, உங்க கைல பட்டுருச்சுங்களா?” என்று அவரை விசாரிக்கிறார். அடுத்தவருக்குச் சிரமம் தரக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. உப்பே இல்லாத குழம்பைக்கூட நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது ஒரு காலம். அதற்கும் முந்தைய வருடம் அவருக்கு வயிற்று வலி வந்தது. கேட்டபோதெல்லாம் “வாயுங்க, ஒண்ணுமில்லீங்க” என்றே சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போய்வந்தார். கடைசியில் குடல்வால் வெடித்து, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலே நான் நம்புவதில்லை. இந்த மனிதர் ஒருநாள் மரியாதையாலேயே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்தேன்.

ஸ்கூபா பயிற்சியாளர் தூத்துக்குடியைச் சேர்ந்த இளம்பெண். சனி, ஞாயிறுகளில் கோவைக்கு வந்து ஒரு நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுத்தார். மூச்சுக்கருவியை வாயில் கடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விடுவது, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, ஆழத்தில் காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிச் சரிசெய்வது. அப்படியும் காது வலித்தால் அதற்குமேல் இறங்கவே கூடாது.

தண்ணீருக்குள் பேச முடியாதல்லவா, எல்லாம் கை சைகைதான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால் ஓகே. பயிற்சியாளர் அப்படிக் காட்டினால் கேள்வி, நாம் திருப்பிக் காட்டினால் பதில். ஏதாவது சரியில்லை என்றால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியுமாக ஆட்ட வேண்டும். பிறகு எங்கே பிரச்சினையோ அந்த இடத்தைத் தொட்டுக்காட்ட வேண்டும். குளத்தில் நாங்கள் மூவரும் ஓகேவை மட்டும் அழகாகக் காட்டினோம். மற்றதற்கு வேலையே வரவில்லை.

கடலில் இறங்கிய அன்று காலை காற்றில்லாமல் அமைதியாக இருந்தது. படகிலிருந்து கீழே போகும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினோம். முதலில் பயிற்சியாளர், பிறகு நான், எனக்கு மேலே வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்தில் மகள். கொஞ்சம் இறங்கியதும் என் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் என்னிடம் ஓகேவா என்று கேட்டார். நானும் ஓகே என்று காட்டினேன். என்னால் எதற்கு எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்றுதான். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியாளர் திரும்பியதும் எப்படியோ ஊதி வெளியேற்றிவிட்டேன்.

அடுத்து வீட்டுக்காரரைக் கேட்டார். அவரும் வட்டமாக, பளிச்சென்று ஓகே காட்டினார். பயிற்சியாளர் எங்களை இன்னும் கீழே இறங்கச் சொன்னார்.

அப்போதுதான் மகள் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே வந்து பயிற்சியாளரின் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையை விரித்து வேகவேகமாக ஆட்டினாள். பிறகு அப்பாவைக் காட்டினாள். பயிற்சியாளர் அவரைப் பார்த்தார். அவர் மறுபடியும் ஓகே காட்டினார்! மகள் விடவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். பயிற்சியாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளை நம்பினார். நல்லவேளை நம்பினார். அவரை மெதுவாக மேலே அழைத்துப்போனார், நாங்களும் பின்னாலேயே ஏறினோம்.

மேலே வந்து அவர் கண்ணாடியைக் கழற்றினால், அதற்குள் ரத்தம். மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. படகில் ஏற்றி உட்காரவைத்தால், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பெண்ணிடம், “பரவாயில்லீங்க, உங்களுக்குத்தான் சிரமம் குடுத்துப்போட்டனுங்க” என்கிறார்.

மகள் வெடித்துவிட்டாள். “குடல்வால் வெடிச்சப்பவும் இதையேதானுங்கப்பா சொன்னீங்க!” என்று கத்திவிட்டு ஓவென்று அழுதாள். அப்பாவிடம் அவள் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

வலி வந்தால் அவர் வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஆம்புலன்ஸிலும் அப்படித்தான் படுத்திருந்தார். எனக்கு அது நினைவிலேயே இல்லை, அவளுக்கு இருந்திருக்கிறது. பயிற்சியாளர் பார்க்கும்போது ஓகே காட்டிவிட்டு, அவர் திரும்பியதும் இவர் கயிற்றை விட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. “சார், மேல நீங்க என்ன சொன்னாலும் உங்க மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவேன். கீழ எனக்கு உங்க கை மட்டுந்தான். நீங்க ஓகேன்னு காட்டுனா, நான் நம்பி அடுத்த ஆளப் பாக்கப் போயிருவேன்லா” என்றார். காது வலிக்க வலிக்க இறங்கியதால்தான் மூக்கில் அந்த ரத்தமாம். செவிப்பறை தண்ணீருக்குள் கிழிந்திருந்தால் தலை சுற்றி எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் போயிருக்குமாம்.

அன்றைக்கே காது டாக்டரிடம் காட்டினோம். செவிப்பறை கன்றிப்போய் ரத்தம் கட்டியிருந்தது, கிழியவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, “புள்ள ஆசப்பட்டு வந்திருக்கறா, நம்மளால எல்லாரும் மேல வரோணுமா?” என்றார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் சட்டம் போட்டாள். இனி இந்த வீட்டில் யாரும் ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. வாயால் சொல்ல முடியவில்லை என்றால் கையை ஆட்ட வேண்டும். நான் சிரித்தேன். முதல் நாளே சாப்பாட்டில் ஒரு கவளம் வாயில் வைத்தவர், என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கையை விரித்து ஆட்டினார். பிறகு குழம்புக் கிண்ணத்தைத் தொட்டுக்காட்டினார். இத்தனை வருடம் என் குழம்பைப் பற்றி வாய் திறக்காத மனிதர்! அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்மைதான்.

காது முழுக்க ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு, அடுத்த பிப்ரவரியில் மறுபடி போனோம். அதே பயிற்சியாளர், அதே மாதிரி கயிறு. கொஞ்சம் இறங்கியதுமே வீட்டுக்காரர் கை ஆடியது. பிறகு காதைத் தொட்டார். எல்லோரும் நின்றோம். அவரைச் சற்று மேலே ஏற்றி, மூக்கைப் பிடித்து ஊதவைத்து, மறுபடி இறங்கினோம். மறுபடியும் ஆட்டினார். மறுபடியும் நின்றோம். யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. கடைசியில் அடிமணலில் மூன்று பேரும் முட்டி போட்டு நின்றபோது, பாறை இடுக்கிலிருந்து ஒரு கோடு போட்ட மீன் வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று பார்த்துவிட்டுப் போனது. மேலே வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவள். போன ஆவணியில் ஒரு நாள் மதியம், முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, கழுத்து வலி” என்றேன். தட்டில் கை வைக்கப் போனவர், எழுந்து வந்து என் எதிரில் நின்றார். விரலை வட்டமாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினார். ஓகேவா?

நான் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தேன். சில வாரங்களாகவே குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. முகூர்த்தத் துணி முடியட்டும், மகள் பன்னிரண்டாம் வகுப்பு, அவள் பரீட்சை முடியட்டும் என்று நானே எனக்குள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. கையை விரித்தேன். அது தானாகவே ஆடியது. பிறகு, கற்றுக்கொடுத்தபடியே, இடது மார்பைத் தொட்டுக்காட்டினேன்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அப்போதே வண்டியை எடுத்தார். ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த பரிசோதனை எல்லாம் முடிந்து, சாதாரணக் கட்டிதான் என்று தெரிகிற வரைக்கும் என் கூடவே இருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. இந்தத் தடவை நான் பார்த்துவிட்டேன். அந்தக் கையைப் பிரித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் தெருவில் யாராவது கேட்டால் “நல்லாருக்கோமுங்க” என்றுதான் எங்கள் வாயில் வருகிறது, அது எங்களோடு பிறந்தது. வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும், அதைச் சொல்வதற்கு முன்பு ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.