இப்போதைக்கு வாடகைக்கு இல்லை

பந்தியில உப்பு வைக்கிறவனைப் பாராட்டி எவனும் மொய் எழுதினதில்லை. கடைக்காரங்களுக்கு இன்டர்நெட்ல பிளாக் எழுதிக் கொடுக்கிறதும் அந்த மாதிரி வேலைதான். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட உங்களுக்கு இதை நான் சொல்லவே வேணாம்.

பாகூர்ல இருந்து தினம் பஸ் ஏறி டவுன்ல ஒரு ஆபீஸ்ல குப்பை கொட்டிக்கிட்டிருந்தேன். "இனிமே எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க மாட்டேன்"னு வீராப்பா விட்டுட்டு வந்தேன். சிக்கினது ஒரே ஒரு கஸ்டமர். வில்லியனூர்ல சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுற ஏழுமலை அண்ணன். இவரும் கைவிட்டா, பழைய மேனேஜர்கிட்டயே போய்ப் பல்லைக் காட்டணும்.

மச்சானுங்க

முதல் கட்டுரை, 'நூறு பேருக்குச் சமைக்க எந்த அண்டா?' சமையல் மாஸ்டருங்களை நச்சரிச்சுக் கேட்டு, அரிசிக்கு ஊத்துற தண்ணி வரைக்கும் எழுதினேன். பெருமையா நீட்டினேன்.

அண்ணன் போனை மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தார். முகம் வாடிப்போச்சு. பாவம், அவருக்குத் தெரிஞ்ச விளம்பரம் ரோட்டு முனையில கட்டுற பேனர்தான். "எல்லாம் சரிதாம்மா, கூலிங் கிளாஸ் போட்ட என் போட்டோ இன்னா ஆச்சு? கீழ மச்சானுங்க மூணு பேரும் வட்டம் வட்டமா வரணுமே."

ஏறுமுகம்

போட்டோவைப் போட்டேன். அந்த வாரத்துல இருந்து பாக்குறவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. "பாத்தீங்களாண்ணா, பிளாக்கை விடாம கவனிச்சா கடை இப்படித்தான் ஊரெல்லாம் தெரியும்"னு ஒரு பிரசங்கமே பண்ணிட்டேன்.

டீ கொண்டாந்த அண்ணி சிரிச்சிட்டாங்க. "அது இவருதாம்மா. காலையில பல்லு கூட வெளக்காம அதைத்தான் தொறந்து தொறந்து பாத்துக்கினு கெடக்குறாரு."

ரோஷம்

மார்கழியில கல்யாணம் ஏது? பாத்திரத்தையெல்லாம் ஈயம் பூசக் கொடுத்தோம். 'ஈயம் பூசப் போயிருக்கு, இப்போதைக்கு எதுவும் வாடகைக்கு இல்லை'ன்னு பிளாக்ல ரெண்டு வரி போட்டேன். எதுவரைக்கும்னு போடல. பொங்கலுக்கு முன்னாடியே எல்லாம் பளபளன்னு திரும்பி வந்துடுச்சு.

அதை எழுதலாம்னு போனா, அண்ணன், "எவனும் படிக்கலம்மா, மாசி மகம் வரைக்கும் பாப்போம், அப்புறம் நிறுத்திக்கலாம்"னார். எனக்கு வந்துச்சே ரோஷம். படிக்க ஆளில்லாத எடத்துல என்னத்த எழுதுறதுன்னு லேப்டாப்பை மூடிட்டு வூட்டுக்கு வந்துட்டேன். பிளாக்கைப் பாதியில விடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். எங்க வூட்டுக்காரர் நிதானமாச் சொன்னார்: "பேசாம அந்த மேனேஜருக்கு இன்னிக்கே ஒரு குட்மார்னிங் அனுப்பி வையி."

மாசி மகம்

தை பொறந்துச்சு, ஊரெல்லாம் கல்யாணம். எங்க கடையில மட்டும் அண்டாவெல்லாம் கவுத்த எடத்துலயே இருந்துச்சு. மாசி மக அன்னதானத்துக்கு வருஷா வருஷம் எடுக்குற பூரணாங்குப்பத்துக்காரர் கூட வரல. சரி, மகமும் முடிஞ்சுது, மரியாதையா நாமளே சொல்லிட்டுக் கிளம்பலாம்னு நான் போய் உக்காந்திருந்த அன்னிக்கு, அந்தப் பூரணாங்குப்பத்துக்காரரே பைக்கை நிறுத்திட்டு எட்டிப் பாத்தார்.

"இன்னாண்ணே, கடை தொறந்துதான் இருக்கா? போன்ல உன் கடை நம்பர் தேடினப்போ, பாத்திரம் இல்லன்னு போட்டிருந்துச்சே. எங்க ஊர்ல நாலஞ்சு பேரு அதைப் பாத்துட்டுதான் அரியாங்குப்பத்துல எடுத்தோம். நூறு பேருக்கு எந்த அண்டான்னு நீ போட்டிருந்தியே, அந்தக் கடையில அதைக் காட்டித்தான் அளவு பாத்து எடுத்தோம். சோறு மிஞ்சவே இல்ல."

என் எழுத்தை ஒருத்தர் படிச்சிருக்காருன்னு சந்தோஷப்படுறதா, போட்டிக் கடைக்கு வேலை செஞ்சு கொடுத்திருக்கேன்னு அழுவுறதா? பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்துட்டேன். அண்ணன் என்னையே பாத்தார். கத்தப் போறார்னு நெனைச்சா, முகம் மெல்ல மலருது.

"அப்ப படிக்கிறானுங்கம்மா. உக்காரு, பாத்திரம் வந்துடுச்சுன்னு இப்பவே போடு. என் போட்டோ, மச்சானுங்க போட்டோ எல்லாத்தையும் தூக்கிடு, அதைப் பத்தி இவன் ஒரு வார்த்தை கூடப் பேசலையே."

எழுதி எழுதிக் காப்பாத்த முடியாத வேலையை, ரெண்டு மாசம் எழுதாம இருந்து காப்பாத்திக்கிட்ட ஒரே ஆள் இந்த ஊருப் பக்கம் நானாத்தான் இருப்பேன்.