மாமாவைப் பார்த்ததும் இறங்கிய அம்மா

ஆயில் கலந்த பெட்ரோல் கருகும் வாடை எங்கே அடித்தாலும் எனக்குக் கொள்ளிடக் கரைதான் ஞாபகம் வரும்...

டிப்ளமோ படித்த காலம். ஒரு பழைய ஸ்கூட்டரை நானே பிரித்து மாட்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் ஊர் குமராட்சியில் அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். சிதம்பரத்தில் தையல் கடை போட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மினி பஸ்ஸை நம்பிக் கடை நடத்த முடியாது. வண்டி ஓட்டினால்தான் கடை.

"கியரே இல்லாத வண்டிம்மா. இதுல பயப்பட என்னா இருக்கு?"

"உனுக்கு வாய்தான்டா டாப் கியர்ல ஓடுது. மொதல்ல அதக் கொற."

நன்றாகவே ஓட்டினாள். ஒரே ஒரு கோளாறு. டீக்கடையில் தாத்தா உட்கார்ந்திருந்தால் போதும், சடாரென்று பிரேக். இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே அவரைத் தாண்டுவாள். மாமனார் எதிரில் வண்டியில் உட்கார்ந்து போகக்கூடாதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அப்படி இறங்கியபோது, பின்னால் வந்த மினி பஸ் உரசப் பார்த்தது. தாத்தா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா கத்திவிட்டார்.

"போதும். நாளையிலேருந்து வண்டியத் தொடாத. கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"யாரப் பாத்தும்மா எறங்கின?"

"ஒங்களப் பாத்துதான் மாமா."

"நான் என்னா பண்ணையாரா?"

எனக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. தாத்தாவின் இளமையில், பண்ணையார் தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அவருடைய அப்பாவோ அந்தத் தெருவில் செருப்பே போட்டதில்லை. அங்கே யாருக்காகவும் இறங்காமல் சைக்கிள் மிதிக்கலாம் என்பதற்காகவே தாத்தா கடலூர் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போயிருக்கிறார்.

"நான் எறங்கினதே இந்தக் குடும்பத்துக்குப் போதும். நீ ஏறு. எம் மூஞ்சிக்கு நேரா ஓட்டிக்கினு போ."

அம்மா ஏறினாள். அப்பா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சிதம்பரத்தில் கடை ஜோராக ஓடுகிறது. அம்மாவிடம் இருப்பது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். சத்தம் இல்லை, புகை இல்லை... அந்த வாடையும் இல்லை.

தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அம்மாதான். மெயின் ரோட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம். பின் சீட்டில் இருக்கும் தாத்தா விடமாட்டார்.

"பண்ணையார் தெரு வழியாவே போம்மா. மெதுவா போ."

சுற்று வழிதான். சார்ஜ் வீண்தான். இதுவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.