மலைக்கு ஏறிய ஊர்த் தண்ணீர்

ஏலக்காய் எடுப்புக்காகத் தேவாரம் ஊரிலிருந்து மேற்கே மலையேறுகிறவர்கள் தைப் பொங்கலுக்குத் திரும்புவார்கள். சிலர் நடந்து வருவார்கள். சிலரைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வருவார்கள். தூக்கி வருகிறவர்களைப் பார்த்து யாரும் திகைத்ததில்லை. "மலைத்தண்ணி சேரல" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விடுவார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மலையில் ஒரு தோட்டத்துக்கு நான் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தியும் அனுப்பி வந்தேன். மலையில் செய்தி மூன்றே வகை: யானை, மழை, காய்ச்சல். யானை மட்டும் அச்சாகும்.

அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணம் காய்ச்சலின் கையில் இருந்தது. மாப்பிள்ளை, காய் உலர்த்தும் கூடத்தில் விறகு பிளக்கும் ஆள். அகலமான தோள், அவன் பேசினால் அடுத்த சரிவில் கேட்கும். பெண்ணும் தேவாரம்தான், பக்கத்துத் தெரு. பெண்ணின் தாய் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அவளுடைய கணவர் இதே மலையிலிருந்து கம்பளியில் இறங்கி வந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றே அவள் சொன்னாளாம்: "பொண்ணு தாரேன் மதினி. ஆனா மாப்ள தையில தன் கால்ல எறங்கி வரணும். ஒரு தடவ நடுங்குனாருன்னு சேதி வந்தாலும் வெத்தல பாக்கு திரும்பி வந்துரும்."

மலைக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆகவே அவனைக் காப்பாற்ற இரண்டு பேர் தனித்தனியாகப் புறப்பட்டார்கள். ஒருவர் தோட்டத்துக்குப் புதிதாக வந்த கம்பவுண்டர். இன்னொருவர் மாப்பிள்ளையின் தாய்.

கம்பவுண்டர் தேனிக் கடைவீதிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதம் வாசிப்பார். மற்ற நாட்களில் ஓடைக்கரையில் குந்தியிருப்பார். கையில் ஓர் அகப்பையும் வெள்ளைப் பீங்கான் தட்டும் இருக்கும். ஓடைத் தண்ணீரை மொண்டு தட்டில் ஊற்றிக் கொசுப்புழுவைத் தேடுவார். வந்த முதல் வாரமே ஓடையை ஒட்டியிருந்த குடிசைகளைப் பிரித்து மேட்டில் போடவைத்தார். கரையோரப் புல்லை அறுக்கச் சொன்னார். தேங்கிய இடங்களில் மண்ணெண்ணெய் தெளித்தார். விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் இருந்தவர்கள் அதை வயிறெரியப் பார்த்தார்கள்.

காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அதன் கசப்புக்கு அஞ்சி ஆட்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, அப்பால் போய்த் துப்புவது வழக்கம். கம்பவுண்டர் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பார்.

"முழுங்கிட்டியா?"

"ம்."

"அப்ப காமயகவுண்டன்பட்டின்னு சொல்லு."

மாத்திரையை ஒதுக்கி வைத்துக்கொண்டு கம்பம் பக்கத்து அந்த ஊர்ப்பெயரை யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. பாதியில் முகம் கோணும். வரிசை முழுக்கச் சிரிக்கும். காய் பறிக்க வந்த ஒரு பெண் வழக்காடிப் பார்த்தாள். "நான் கம்பத்துக்காரி. எங்க ஊர்ப் பேரச் சொல்றேன்."

"கம்பம்னா நாக்கத் தூக்கவே வேணாமே ஆத்தா. பட்டின்னு முடியுற ஊராப் பாத்துச் சொல்லு."

மாப்பிள்ளை மட்டும் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. விழுங்கிவிட்டு மலை அதிர ஊர்ப்பெயரைச் சொல்வான். "ஏலே, பொண்ணு வீட்டுக்கே கேட்ருச்சுடா" என்பார்கள்.

தாயின் ஏற்பாடு கழுதைமேல் வந்தது. வாரச் சாமான் ஏற்றி வரும் கழுதைகளில் ஒன்றின் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு டின் தொங்கும். அரிசியோ பருப்போ அல்ல; தேவாரத்துக் கிணற்றுத் தண்ணீர். மலைத்தண்ணீரால்தானே காய்ச்சல்? மகன் வாயில் அது ஒரு சொட்டும் படக்கூடாது என்பது அவளுடைய கணக்கு. "மாப்ள, சீதனம் வந்திருக்கு, எறக்கு" என்று கழுதைக்காரர் கூவுவார்.

தண்ணீரை வைக்க மாப்பிள்ளை தன் குடிசைக்குப் பின்னால் ஒரு பழைய மரப்பீப்பாயை நிறுத்தியிருந்தான். அதற்குத் தாய் இரண்டு விதி சொல்லி அனுப்பியிருந்தாள். மூடி போடக்கூடாது, ஊர்த் தண்ணீர் வானத்தைப் பார்க்காவிட்டால் செத்துவிடும். அடியில் கொஞ்சம் எப்போதும் கிடக்கவேண்டும்; பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, பழையது இருந்தால்தான் புதியது கெடாது. அந்த வரிசையில் குடியிருந்த எல்லோரும் அதில் ஒரு வாய் குடித்தார்கள். கம்பவுண்டர் கேலி செய்வார் என்று அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் காய்ச்சல் வந்தது. ஆனால் வழக்கமான இடத்தில் இல்லை. முன்பெல்லாம் ஓடைப் பக்கம்தான் விழுவார்கள். இப்போது மேட்டில், மாப்பிள்ளை இருந்த வரிசையில் மட்டும் விழுந்தார்கள்; முதலில் ஒருவர், பிறகு அடுத்த குடிசையில் ஒருவர். கம்பவுண்டர் அகப்பையோடு ஓடை முழுக்க நடந்தார். தட்டில் மணலும் இலையும்தான் வந்தன. அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அந்த வாரம் கழுதைகளோடு இரண்டு பெண்கள் மலையேறி வந்தார்கள். மகன் திடமாக இருப்பதைச் சம்பந்தியின் கண்ணுக்கு நேரே காட்டிவிடலாம் என்று மாப்பிள்ளையின் தாய்தான் அழைத்து வந்திருந்தாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை இரண்டு கம்பளிக்கு அடியில் கிடந்தான். பல்லோடு பல் அடிக்கும் சத்தம் வாசலில் கேட்டது.

"குளுருதான் அத்த. வேற ஒண்ணுமில்ல" என்று எழப் பார்த்தான். முடியவில்லை.

பெண்ணின் தாய் அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஒருத்தர இந்த மலைக்குக் குடுத்தது போதும் மதினி. நான் எறங்குறேன்."

"நான் என்ன கொற வச்சேன்?" மாப்பிள்ளையின் தாய் அழத் தொடங்கினாள். "மலைத்தண்ணி ஒரு சொட்டு அவன் வாயில படலையே. அம்புட்டும் ஊர்த் தண்ணி. டின்னு டின்னா அனுப்பி, பழைய தண்ணி ஒறையாக் கெடக்கப் பீப்பாயில ஊத்திவைக்கச் சொல்லி…"

மருந்துப் பெட்டியோடு வந்துகொண்டிருந்த கம்பவுண்டர் நின்றார். "எந்தப் பீப்பாய்?"

குடிசைக்குப் பின்னால் போனோம். அவர் அகப்பையை விட்டு மொண்டு தட்டில் ஊற்றினார். வெள்ளைப் பீங்கானில் நன்றாகத் தெரிந்தது: வைக்கோல் நறுக்குப்போல் சின்னச் சின்னப் புழுக்கள். மற்றக் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். இவை தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்துக் கிடந்தன. தட்டை அசைத்தால் பின்னோக்கி வழுக்கின. கம்பவுண்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அழுகிற வீட்டில் அப்படி மலரக்கூடாது என்று உடனே அடக்கிக்கொண்டார்.

"இந்தா இருக்கு காச்சக் கொசு."

இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பினார்கள். அதுவரை இருந்த பிணக்கு போன இடம் தெரியவில்லை.

"எங்க கெணத்துத் தண்ணியில புழுவா? யாரப் பாத்துச் சொல்றீக?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"தேனிக்காரருக்கு என்ன தெரியும் மதினி? அங்கன ஆத்துத் தண்ணிதான."

கம்பவுண்டர் அன்று வந்து இறங்கிய டின்னைத் திறந்து இன்னொரு தட்டில் ஊற்றினார். தெளிந்த தண்ணீர். இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெண்ணின் தாய் குனிந்து ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தாள்.

"ஒரே கெணறுதான. இதுல ஏன் இல்ல?"

"தண்ணி மேல குத்தமில்லம்மா. தெறந்து தேங்கிக் கெடந்தா கொசு வந்து முட்டை வைக்கும். றெக்கை மொளச்சதும் ராத்திரி பக்கத்துக் குடிசைக்குப் போகும். நோவு உள்ளவனக் கடிச்சிட்டு வந்து அடுத்தவனக் கடிக்கும். அம்புட்டுக் கடிக்கு மாத்திரை மட்டும் தாங்காது. அம்புட்டுத்தான்."

பெண்ணின் தாய் நிமிர்ந்தாள். "ஒறை ஊத்தி வைக்க இது பாலா மதினி?" என்று சம்பந்தியைக் கேட்டாள். "அப்ப காச்சல் மாப்ள ஒடம்புல வெளையல. நீங்கதான் மாசக்கணக்காக் கழுத வச்சு அனுப்பியிருக்கீக."

குடிசைக்குள்ளிருந்து, நடுக்கத்துக்கு நடுவே, குரல் வந்தது. "ஆத்தா அனுப்புனத… நான் என்னைக்கு… வேணாம்னேன்?"

முதலில் சிரித்தது பெண்ணின் தாய்தான். அப்புறம் எல்லோரும்.

பீப்பாயை இரண்டு பெண்களுமே சேர்ந்து சாய்த்தார்கள். "பள்ளத்துப் பக்கம் சாய்க்காதீக, அங்கன தேங்கும்! சரிவுல விடுங்க!" என்று கம்பவுண்டர் சுற்றிச் சுற்றி ஓடினார். வேலை முடிந்ததும் பெண்ணின் தாய் கையைத் துடைத்துக்கொண்டு, நிபந்தனையைத் திருத்திச் சொன்னாள். "இது கணக்குல சேராது. இனிமே ஒரு தடவ நடுங்குனா நான் பேசமாட்டேன். வெத்தலதான் பேசும்."

பீப்பாய் அதன்பின் கவிழ்ந்தே கிடந்தது; கம்பவுண்டர் அதன்மேல் உட்கார்ந்துதான் கொயினா கொடுத்தார். ஊர்த் தண்ணீர் நிற்கவில்லை. வந்த அன்றே குடித்து, மிச்சத்தைச் சரிவில் கொட்டி, டின்னைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று உடன்பாடு. மேட்டு வரிசையில் கொசுவலையும் கட்டினார்கள். மாப்பிள்ளை மருந்தை முறையாக முடித்தான். மார்கழிப் பனியில் ஒருநாள் காலை அவன் உடம்பு உதறியதைப் பார்த்துத் தோட்டமே வேலையை விட்டு ஓடிவந்தது. ஓடையில் குளித்துவிட்டு வந்திருந்தான். வெறும் குளிர்தான். இனிக் குளிக்கவே கூடாது என்று கழுதைக்காரர் உத்தரவு போட்டார்.

காய்ச்சல் அடங்கியதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினேன். யானை இல்லாததால் அச்சாகவில்லை.

தையில் மாப்பிள்ளை தன் கால்களாலேயே இறங்கினான். அடிவாரத்தில் நின்றிருந்த பெண்ணின் தாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. திரும்பி முன்னே நடந்தாள். அன்று மாலையே பந்தல்கால் நட்டார்கள்.

இறங்கிய பிறகும் சில வாரம் மாத்திரை எடுக்கவேண்டும் என்பது கம்பவுண்டரின் கண்டிப்பு. கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து பாலும் பழமும் கொடுக்கும் நேரத்தில் அவர் பந்தலுக்குள் வந்து மாப்பிள்ளையின் கையில் ஒரு மாத்திரையை வைத்தார். அவன் பாலோடு விழுங்கினான். மணப்பெண் அவன் கசப்பில் முகம் சுளிப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் தாய் எதிரில் வந்து நின்றாள். "ஊர்ப் பேரச் சொல்லுங்க மாப்ள."

"காமயகவுண்டன்பட்டி!" பந்தல் அதிர்ந்தது.

சாப்பாட்டு வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர் இலையை விட்டு எழுந்து நின்றார். அந்த ஊரிலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரர்.

"இங்கன இருக்கேன்ப்பா. யாரு கூப்பிட்டீக?"