திருப்பிக் கொடுத்த ஸ்லொட்

என் வேலை என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். ரயிலில் வேலை என்றால் டிக்கெட் இலவசமோ என்று கேட்பார்கள். இல்லை, சரக்கு ரயில் என்றால் முகம் விழுந்துவிடும். ஒரு சின்னச் சரக்கு ரயில் கொம்பனியில் நான் ஸ்லொட் வாங்குகிறவள். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன தண்டவாளத்தால் போகலாம் என்ற உரிமைக்குத்தான் ஸ்லொட் என்று பெயர். இத்தாலியில் புறப்பட்டுக் கடலடிச் சுரங்கத்தால் லண்டன் வரும் ரயிலுக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக அதை வாங்கி, துண்டுத் துணி தைப்பதுபோல் பொருத்தவேண்டும். ஓரிடத்தில் பிசகினால் மிச்சமெல்லாம் குப்பை.

இதை முழுதாகக் காதுகொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான். அண்ணை என்று கூப்பிடுவேன், சொந்த அண்ணன் இல்லை. லண்டன் மனோர் பார்க் கோயிலில் பழக்கம். தமிழ்க் கடைகளுக்கு மொத்தமாகச் சாமான் போடுகிறவர். இத்தாலியிலிருந்து வெங்காயமும் தக்காளியும் கொண்டுவரும் அவருடைய லொறிகள் துறைமுக வரிசையில் கிடந்து காயும். உள்ளே சாமான் அழுகும். பூசை முடிந்து விபூதி வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருநாள் கேட்டார்.

"இதை ரயிலிலை கொண்டுவர ஏலாதோ, பிள்ளை?"

அப்போது நல்ல காலம் ஒன்று வந்திருந்தது. லொறியை விட்டு ரயிலுக்கு வருகிறவர்களை இழுப்பதற்காக, எல்லை தாண்டி ஓடும் புது ரயில்களுக்குத் தண்டவாளக்காரர்கள் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள். குறித்த நாளுக்குள் ஓடத் தொடங்கவேண்டும் என்பது நிபந்தனை. வாங்கிய ஸ்லொட் தேவைப்படாவிட்டால் முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கலாம், பாதிக் கட்டணம் திரும்பி வரும். ஓடாமலும் விடாமலும் பிடித்து வைத்திருந்தால் முழுக் கட்டணத்தோடு அபராதமும் கட்டவேண்டும். தண்டவாளம் வெறுமனே கிடக்கக்கூடாது என்பதற்காகச் செய்த விதி. நல்ல விதிதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன்மேல் எனக்கு இருக்கும் கோபமும் போகவில்லை.

அந்தச் சலுகை இருந்தால்தான் ரயில் லொறியைவிட மலிவாக வரும். அண்ணைக்கு அது விளையாட்டு இல்லை. அழுகிய சாமானே அவருடைய வியாபாரத்தைப் பாதி தின்றிருந்தது. ரயில் ஓடினால் தப்புவார், இல்லாவிட்டால் விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். இத்தாலிக்காரரோடும் பிரெஞ்சுக்காரரோடும் மல்லுக்கட்டி, நான்கு இடத்து ஸ்லொட்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி முடித்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. முதல் ரயில் வந்து சேரும்போது தேங்காய் உடைக்கவேண்டும் என்று அண்ணை தானே தேங்காய் வாங்கி வைத்திருந்தார்.

முதல் ரயிலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் அவருடைய மூத்த அண்ணன் செத்துப்போனார். இவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டவர் அந்த அண்ணன்தான்.

செத்தவீடு கேட்க நான் வால்தம்ஸ்டோவில் அவருடைய வீட்டுக்குப் போனேன். ரயில் கதையை நான் எடுக்கவில்லை, அவராகவே எடுத்தார்.

"முப்பத்தொண்டு முடியட்டும், பிள்ளை. துடக்கோடை தேங்காய் உடைச்சு ரயில் விடுறதோ?"

சாவு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள்வரை துடக்கு, நல்ல காரியம் ஒன்றும் தொடங்குவதில்லை. சலுகைக்குக் குறித்த நாளோ அதற்குள் வந்து முடிந்துவிடும். இதை என் மேலதிகாரியான வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்லப்போனேன். ஒரு மாதம் ஒதுங்கி இருப்பார் என்றதும் மனுசன் பதறிப்போய், டொக்டரிடம் காட்டினாரா என்று கேட்டார். பிறகு விளங்கிக்கொண்டு, ஒரு வழியும் சொன்னார். வெறும் பெட்டிகளோடு ஒரு ரயிலை ஓட்டிவிடுவோம், தொடங்கியதாகக் கணக்கு வரும், சலுகை தப்பும். தந்திரம்தான், ஆனால் விதி அதைத் தடுக்கவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்.

அண்ணையிடம் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ரை பேரிலை, அதுவும் வெறும் வண்டியோ? செத்தவீட்டுக்கிடையிலையோ? வேண்டாம் பிள்ளை. நாங்கள் ஓடாத பாதையை நாங்கள் பிடிச்சு வைச்சிருக்கவும் கூடாது. தேவையான ஆரும் ஓடட்டும். நேரத்தோடை குடுத்திடும்."

"குடுத்தால் போனதுதான், அண்ணை. சலுகையும் போயிடும்."

"ஓம், ஓம். குடுத்திடும்."

கொடுத்தேன். கார்ச் சாமான் ஏற்றும் கொம்பனி ஒன்று இரண்டே நாளில் அதை எடுத்துக்கொண்டது. விதி நினைத்தது நினைத்தபடியே நடந்தது. தண்டவாளம் ஒருநாளும் வெறுமையாகக் கிடக்கவில்லை. பாதிக் கட்டணமும் சொன்ன நாளில் வந்து சேர்ந்தது. சலுகைத் திட்டம் அதோடு மூடிக்கொண்டது. அடுத்த வருசம் அண்ணை வியாபாரத்தைப் பெரிய கொம்பனி ஒன்றுக்கு விற்றார், அதுவும் அடிமாட்டு விலைக்கு.

விற்றதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். முப்பத்தோராம் நாள் நடந்ததைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு மண்டபம் ஒன்று எடுத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். சனம் நிறைய. அண்ணை வெள்ளை வேட்டியோடு ஒவ்வொரு மேசையாக வந்து, சோறு காணுமோ, கறி காணுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்ததும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

"எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை. இனிச் சொல்லும், எப்ப ரயில்?"

பகிடி விடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

"அண்ணை, அதை வேற ஆக்கள் எடுத்திட்டினமெல்லே. நான் சொன்னனான்."

"ஓம், சொன்னனீர். அவை இவ்வளவு நாளும் ஓடட்டும் எண்டுதானே விட்டது. நாங்கள் நேரத்தோடை விட்டுக்குடுத்த ஆக்கள், இனித் தண்டவாளக்காரர் எங்களைத்தானே முதலிலை கூப்பிடுவினம்?"

அவர் அப்படி நம்பியிருந்தார். ஊரிலும் கோயிலிலும் அது அப்படித்தான் நடக்கும். தன் செலவில் நடத்தும் உபயத் திருவிழாவை ஒரு வருசம் துடக்கென்று விட்டுக்கொடுத்தவரை, அடுத்த வருசம் ஐயரே வீடு தேடிப்போய்க் கூப்பிடுவார். என் தொழிலில் அப்படி ஒரு விதி இல்லை. யார் எந்த மனதோடு திருப்பிக் கொடுத்தார் என்று எழுத ஓர் இடமும் இல்லை.

"அவை கூப்பிடமாட்டினம், அண்ணை. நேரத்தோடை குடுத்ததுக்குக் காசு தந்திட்டினம். அதோடை சரி."

நான்தான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டேன் என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"நான் காசு கேக்கேல்லையே, பிள்ளை."