டிக்கோயாவில் வைத்துவிட்டு வந்த சாமான்கள்

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற பிள்ளைகள் ஆற்றோரத்தில் முனியைப் பார்த்தோம் என்று நடுங்கிக்கொண்டு வந்தால், அது மூடுபனியடா என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். அப்படிப்பட்டவன் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மச்சானிடம் ஒருமுறை சொன்னேன், அவர் சிரித்த சிரிப்பில் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் பொகவந்தலாவையில் வேலை. தோட்டப் பள்ளிக்கூடத்து குவாட்டர்ஸ், பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டியிருக்கும். மே மாதம் மழை பிடித்தால் அந்தச் சுவர் வியர்க்கும். துணிமணி, மெத்தை, கலியாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூஞ்சணம், அலுமாரியைத் திறந்தால் குப்பென்று வாடை. அதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மனைவி ரீட்டாவுக்குத்தான் மூச்சிழுப்பு வந்தது. மூன்று வருஷமாக மழைக்காலம் முழுக்க அவள் படுத்துத் தூங்கியதே இல்லை, தலையணையை இரண்டாக மடித்து முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்தபடி இருப்பாள். முதலில் மூன்று சின்ன இருமல், பிறகு ஒரு நீளமான இருமல், அது முடிந்ததும் "மாதாவே" என்று ஒரு முனகல். பக்கத்து அறையிலிருந்தே எனக்கு அந்தக் கணக்கு தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, பூஞ்சணம் பிடித்த எதையும் வீட்டில் வைக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். டிக்கோயா பக்கம் மூடிப்போன ஒரு தேயிலை ஃபேக்டரி இருந்தது. கொழுந்து வாட்டுகிற மேல்மாடியைப் பலகையடித்துச் சின்னச் சின்ன அறைகளாக்கி, கீழே பழைய அடுப்பை எரியவிட்டு, வாடகைக்குக் கொடுத்தார்கள். மாற்றலாகிப் போகிறவர்கள், கடைக்காரர்கள் எல்லாம் மழைக்காலத்துக்குச் சாமான்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். காவலுக்கு மாரிமுத்து என்று அந்த ஃபேக்டரியிலேயே வேலை பார்த்த ஒருவர். லொறி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றினோம், அவள் கலியாணச் சேலை உட்பட. வீட்டில் மிஞ்சியது ஒரு பலகைக் கட்டிலும் இரண்டு புதுப் போர்வையும்.

"மழ விட்டதும் எடுத்துட்டு வந்துருவீங்கதானே?" என்று ரீட்டா லொறியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பின்ன? அங்கயே விட்டுட்டா வரப்போறேன்?" என்றேன்.

மூன்று கிழமை போயிருக்கும். ஒரு நேர்முகப் பரீட்சைக்குச் சான்றிதழ்கள் தேவைப்பட்டன, அவை அந்த அலுமாரியில் இருந்தன. ஒரு சனிக்கிழமை நல்ல மழையில் டிக்கோயாவுக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும், இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மேலே காய்ந்த பலகை வாடையும் இதமான சூடும், நம் வீடும் இப்படி இருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். எங்கள் அறையை நெருங்கும்போது யாரோ இருமினார்கள்.

மூன்று சின்ன இருமல். பிறகு நீளமாக ஒன்று. "மாதாவே."

பூட்டு வெளியில் நான் பூட்டியபடியே தொங்கியது. சாவி இரண்டு தடவை தவறியது. திறந்தால் உள்ளே யாருமில்லை. ஆனால் சுவரோடு நிமிர்த்தி, கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போன மெத்தை தரையில் விரித்துக் கிடந்தது. தலையணை இரண்டாக மடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், துளி ஈரமில்லை. குனிந்த என் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், மறுபடியும் அந்த இருமல்.

சான்றிதழாவது ஒன்றாவது, படிகளில் விழுந்தடித்து இறங்கினேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்த மாரிமுத்து என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கேட்டுருச்சுங்களா சேர்?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க சாமான் வச்ச அன்னையிலருந்து கேக்குதுங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னுதான் சொல்லல."

ரீட்டா செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு ஓடினால், அவள் அந்த மழையில் முற்றத்து வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"என்னங்க இது கோலம்? ஏன் அழுவுறீங்க?"

"ஒனக்கு இழுப்பு?"

"சாமானெல்லாம் போன அன்னையிலருந்து இல்லையே. ஒரு இருமல்கூட இல்ல. நீங்க கவனிக்கவே இல்லையா?"

நான் கவனிக்கவில்லை. அதுதான் உண்மை.

மழை விட்டது. சாமான்களை எடுத்துட்டு வாங்க என்றாள். லொறி கிடைக்கவில்லை என்றேன், அடுத்த மாதம் என்றேன், அதற்கடுத்த மாதம் என்றேன். பிறகு கறையான் அரித்துவிட்டது என்று பொய் சொன்னேன். கலியாணச் சேலைக்காக அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எரித்துவிடச் சொல்லலாம் என்றும் யோசித்தேன், ஆனால் எரித்தால் என்ன ஆகுமோ என்ற பயம். வாடகையை மட்டும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மாரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேர், வர வர ரொம்ப மோசமா இருக்குங்க. மூச்சு விட முடியாம திணறுது. அந்த அம்மா பாவம் சேர். ஒரு தடவ வந்து கதவத் தொறந்து பாத்துட்டுப் போங்களேன்."

"அடுத்த கெழம கட்டாயம் வர்றேன்" என்றேன். போகவில்லை. அந்த வருஷமே மாரிமுத்து தவறிவிட்டார், ஃபேக்டரியையும் யாரோ வாங்கிக் கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றார்கள். எங்கள் சாமான்கள் என்ன ஆயின என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது ஹட்டனில் இருக்கிறோம். ரீட்டா நன்றாக இருக்கிறாள், சளிகூடப் பிடிப்பதில்லை. அவள் தங்கச்சி வீட்டுக்குப் பொகவந்தலாவைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். வழியில் டிக்கோயாவில், கூரையில்லாத அந்த ஃபேக்டரிச் சுவர்கள் தெரிகிற வளைவு வந்ததும் அவள் மூச்சு நின்றுவிடும். நெஞ்சு அசையாது. அடுத்த வளைவு திரும்பிய பிறகுதான் மறுபடி ஓடும். இது அவளுக்குத் தெரியாது. முதலில் நான்கு எண்ணுவதற்குள் மூச்சு வந்துவிடும். போன மாதம் போனபோது பதினேழு வரை எண்ணினேன்.