பொட்டுக்கு இடம் விட்டவர்

தவநாதன் சேரின் முப்பத்தோராம் நாளுக்காக வெளிவரும் இந்த மலரில் அவருடைய உறவினர்களும், பல வருடங்கள் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் நானும் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அவருக்கு உறவு இல்லை. அவரிடம் படித்தவளும் இல்லை. பதுளையில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கருவி செய்கிற எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவள். அவருடைய மேசைக்கு எதிர் மேசை என்னுடையது. "நீர் கட்டாயம் எழுத வேணும் தங்கச்சி. உம்மோட சண்டை பிடிச்ச கதையைத்தான் அவர் இங்க வந்து சொல்லுறவர்" என்று அவருடைய மனைவி சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் லுணுகலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். மடியில் இரண்டு பெட்டிகள். அன்றைக்கு அவரும் வர வேண்டியவர். காலையில் போன் எடுத்து, "நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை. நீர் முன்னால போம், நான் அடுத்த பஸ்ஸில வாறன்" என்று சொல்லியிருந்தார். நான் போய்க்கொண்டிருந்த தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாதான் முதலில் கூப்பிட்டார். "மிஸ், எங்க இருக்கீங்க? பஸ்ஸ விட்டு எறங்கிருங்க. திரும்பிப் போங்க." ஏன் என்று கேட்டேன். "ஆபீஸ்ல இருந்து சொன்னாங்க. தவநாதன் ஐயா போயிட்டாரு மிஸ்."

இறங்கினேன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினேன். பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவற்றோடேயே அவருடைய வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டிருந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும், "அவற்ற பெட்டியோ? வெளியில வைக்காதையும், உள்ளுக்குக் கொண்டுபோய் வையும்" என்றார். அந்த இரண்டு பெட்டிகளும் செத்த வீட்டில் அவருடைய அறைக் கட்டிலில் இருந்தன. அடுத்த கிழமை நானே கொண்டுபோய் மெஷின்களில் பூட்டினேன்.

அந்தப் பெட்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலரும் காற்றாடியும் சுற்றுவது பேரிங்கில். பேரிங் தேய்ந்தால் முதலில் சூடாகும், பிறகு நடுங்கும், பிறகு இறுகிவிடும். எங்கள் பெட்டியில் இரண்டு சென்சர்கள் இருக்கின்றன. ஒன்று, நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற கருவியைப் போல, ஒரு சின்னக் கண்ணாடி வழியாகப் பேரிங்கின் சூட்டைத் தொடாமலே பார்க்கும். மற்றது நடுக்கத்தைப் பிடிக்கும். இரண்டில் ஒன்று அளவு தாண்டினால் சைரன் ஊதும், சிவப்பு விளக்கு எரியும். அது ஊதுவது மெஷினுக்குப் பக்கத்தில். அலுவலகத்துப் போனுக்கு அதன் பிறகுதான் செய்தி போகும்.

அந்தச் சைரனைக் கழற்றிவிட வேண்டும் என்ற பேச்சு அவர் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. சுற்றுலா ஊரான எல்ல பக்கமிருந்து தொழிற்சாலை பார்க்க வருகிற வெளிநாட்டவர்கள் சத்தத்தில் பயந்துபோகிறார்களாம். சைரன் கேட்டதும் ஆட்கள் மெஷினை நிறுத்திவிடுகிறார்களாம். போனுக்குச் செய்தி போனால் போதுமாம். அடுத்த மாதம் பதுளையில் நடக்கும் தொழிற்சாலை நிர்வாகங்களின் கூட்டத்தில் இதற்கு முடிவு எடுக்கப்போகிறார்கள். அங்கே பேசுவதற்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார்.

முதலில் நாங்கள் செய்த பெட்டியில் சைரன் இருக்கவில்லை. அது தோட்ட நிர்வாகியான துரையின் போனுக்கும் டீமேக்கரின் போனுக்கும் மட்டும் செய்தி அனுப்பியது. ஒரு தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் அடுப்பின் காற்றாடியில் அதைப் பூட்டியிருந்தோம். ஒருநாள் பேரிங் சூடாகியது. பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்தது. துரை கூட்டத்தில் இருந்தார். டீமேக்கர் நின்ற இடத்தில் சிக்னல் இல்லை. பேரிங் இறுகி, பெல்ட் கருகி அறுந்து, பக்கத்தில் நின்ற செல்வமணி அக்காவின் மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்தது.

நானும் அவரும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். சேர் பெட்டியைப் பற்றி விளக்கத் தொடங்கினார். எத்தனை பாகையில் செய்தி போனது, எப்படிப் போனது என்றெல்லாம் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டார்.

"அப்போ அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"ஓம். தெரிஞ்சிருக்கு."

"ஏங்கய்யா, ஒங்க பொட்டி தொரைமாரோட மட்டுந்தான் பேசுமா? பக்கத்துல நிக்கிற என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சேர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் சொன்னார்: "சூடு பிடிக்கிறது ஓரிடம். செய்தி போறது இன்னோரிடம். நடுவில நிண்டது அந்த மனுசி. இதை மாத்தாமல் நான் இனி ஒரு பெட்டியும் பூட்ட மாட்டன்."

சைரன் அப்படித்தான் வந்தது. சைரன் ஊதினால் பக்கத்தில் நிற்பவர் யாரிடமும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம் என்ற ஒழுங்கையும் அவர் பிடிவாதமாகச் சேர்த்தார். அதற்கு எதிர்ப்பு வந்தது. "ஆளாளுக்கு மெஷின நிப்பாட்டினா கொழுந்து என்னாவுறதுங்க?" என்று ஒரு டீமேக்கர் கேட்டார். "கொழுந்து நாளைக்கும் முளைக்கும். கை முளைக்குமோ?" என்றார் சேர். அந்த டீமேக்கரே பிறகு தன்னுடைய தொழிற்சாலைக்கு முதல் ஆளாகப் பெட்டி கேட்டு வாங்கினார். இதை வாசிக்கும்போது அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

சைரன் வைத்த பிறகும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. ஆயுத பூசை வந்தது. தொழிற்சாலைகளைக் கழுவி, மாவிலை கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூசை முடிந்து வேலை தொடங்கிய அன்றைக்கே பெரகல பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு ரோலர் சூடாகி எண்ணெய் புகைந்தது. நடுக்கம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை, சைரனும் ஊதவில்லை. நல்ல வேளையாகப் புகையைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி 'எல்லாம் குளிராக இருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. சேர் கோபத்தில் சென்சர் விற்ற கடைக்காரனை ஏசினார். பிறகு பெட்டிக்கு நான் எழுதிய கணினி நிரலை ஏசினார். நான் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். அதன் மேல் காய்ந்த சந்தனம் கனமாக ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டிக் காட்டினேன்.

"யார் இதில வைச்சது?" என்று அவர் போட்ட சத்தம் மேல்மாடி வரை கேட்டிருக்கும்.

ரோலர் பார்க்கிற சிவபாக்கியம் அக்கா முன்னால் வந்தார். "நாந்தாங்க வச்சேன். எல்லா மிசினுக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? இதுவும் எங்களோடதானங்க வேல செய்யுது."

டீமேக்கர் உடனே, இனிமேல் பெட்டிகளுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டுவதாகச் சொன்னார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். சேர் பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முழுவதும் கறுப்பு. முன்பக்கத்தில் வட்டமாகப் பளபளப்பது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

"நெத்தி எண்டு ஒண்டை நாங்கள் வைக்கேல்லை" என்றார். "அவ பாவம், கண்ணில பொட்டு வைச்சிட்டா. பிழை ஆரிட்ட?"

"சாமி குத்தம் ஒண்ணும் இல்லயேங்க?" என்று சிவபாக்கியம் அக்கா கேட்டார்.

"சாமிக்குக் குற்றம் இல்லை. எங்களுக்குத்தான்."

அடுத்து நாங்கள் செய்த பெட்டியில் கண்ணாடியைக் கை போகாதபடி அடிப்பக்கத்துக்கு மாற்றினோம். மேல்மூடியில் ஒரு வட்டப் பித்தளைத் தகடு பதித்தோம். அதற்கு வேறு எந்த வேலையும் இல்லை. பொட்டு வைப்பதற்காகவே அது இருக்கிறது. கொழும்பிலிருந்து பெட்டியைப் பார்க்க வந்த பொறியியலாளர் ஒருவர் அந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்து, இது என்ன சென்சர் என்று கேட்டார். "அது மிக முக்கியமான பாகம், சேர். அது இல்லாட்டி மற்றது ஒண்டும் வேலை செய்யாது" என்று தவநாதன் சேர் முகம் மாறாமல் சொன்னார். நான் வெளியே போய்த்தான் சிரித்தேன்.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் எழுதுவது வழக்கம். அவருக்கு அது பிடிக்காது. அவர் மற்றவர்களைப் பேசவே விடமாட்டார். ஒரு கூட்டத்தில் நான் எழுதிய நிரலைத் தான் எழுதியதைப் போலவே விளக்கினார். திரும்பும் வழியில் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன பிள்ளை, முகம் உப்பிக் கிடக்கு?"

"அது நான் எழுதினது சேர்."

"தெரியும்."

"நீங்க எழுதின மாதிரி சொன்னீங்க."

"ஓம், சொன்னனான். நீர் அங்கயே எழும்பி 'இந்த ஆள் பொய் சொல்லுறார்' எண்டு சொல்லியிருக்கலாமே? பதினைஞ்சு பேர் இருந்தவை. நல்ல பகிடியா இருந்திருக்கும்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் ஆறவும் இல்லை. எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நான்கு பேர் இருக்கிற இடத்தில் என்னுடைய பெயரைச் சொல்லவே தயங்குவேன். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் அவர் அதே இடத்துக்கு வந்தபோது, நான் எழுந்து, "இந்தப் பகுதி நான் செய்தது, நானே சொல்கிறேன்" என்றேன். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை எப்படியோ வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரு பழக்கம். புதிதாக ஒரு பெட்டியைப் பூட்டப் போனால் அவர் முதலில் கருவிகளை வெளியே எடுக்கமாட்டார். அந்த மெஷினில் வேலை செய்பவரைக் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டு, அவர் நிற்கிற அதே இடத்தில் போய் நிற்பார். அங்கிருந்து எது தெரிகிறது, எது கேட்கிறது, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் துளை போட இடம் குறிப்பார். இப்போது நானும் அப்படியே நின்று பார்க்கிறேன். அந்த இடத்தில் நிற்கும்போது அலுவலகத்துப் போன் கேட்பதில்லை. சைரன் கேட்கிறது.

அதனால்தான் அடுத்த மாதக் கூட்டத்தில் அவருக்குப் பதிலாக நான் பேசுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் அதிகம் என்றால் வெளிநாட்டவர்கள் வருகிற நேரத்துக்கு ஏற்ற ஒரு வழியைப் பார்க்கலாம், வேறு ஒலியையும் வைக்கலாம். ஆனால் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டிய ஆள் யார் என்பதை மாற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

இந்த மலர் டீமேக்கர் ஐயாமாரின் கைகளுக்கும் உதவித் துரைமாரின் கைகளுக்கும் வரும். நீங்கள் அவரை மதித்தீர்கள். செத்த வீட்டுக்கு வந்து நின்றீர்கள். எனவே இதுவரை சொல்லத் தயங்கிய ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். கூட்டத்தில் நான் ஒருத்தி பேசினால் போதாது. பெட்டி உள்ள ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்தும், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஒருவரை அன்றைக்குப் பதுளைக்கு அனுப்புங்கள். யார் வருவது என்பதை அவர்களே சொல்லட்டும். வருகிறவர்களுக்கு அன்றைய சம்பளத்தை வெட்டாமல் முழுநாள் கணக்கான முழுப்பேர் போடுங்கள். அரைப்பேர் என்றால் அவர்களால் வர முடியாது.